ஆத்தாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன நர்சம்மா

திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வந்துபோன நர்சம்மாவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒல்லியான உடம்பு, முன்பல் கொஞ்சம் தூக்கல். மழையே எட்டிப் பார்க்காத ஊருக்குள் எப்போதும் குடையை விரித்துக்கொண்டுதான் வருவார். ஆடுகள் மிரண்டு ஓடும், எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

ஒரு கோடையில் என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டது. கொப்புளமெல்லாம் காய்ந்த பிறகு மறுபடி காய்ச்சல் கொதித்தது. என்னையே "நீ யாரு?" என்றார், ஏதேதோ உளறினார்.

"ஆத்தா பேசுறாடி!" என்று மாமியார் சூடம் கொளுத்தினார். பக்கத்து வீட்டுக்காரி, "தாயி, எம்மகளுக்கு எப்பக் கல்யாணம்?" என்று குறி கேட்கவே வந்துவிட்டாள். அம்மை என்றால் ஆத்தா வீட்டுக்குள் இருக்கிறாள், ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது. நான் மூலையில் அழுதுகொண்டிருந்தேன்.

அன்று ஊருக்கு வந்திருந்த நர்சம்மா செருப்பை வாசலில் விட்டு வந்து, படுத்திருந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, கொஞ்சம் தலையக் குனி." கழுத்து விறைத்துக் கிடந்தது, வளையவில்லை. நர்சம்மா குனிந்து என் வீட்டுக்காரர் காதில் ஏதோ கேட்டுவிட்டு மாமியாரிடம் திரும்பினார். "ஆத்தாவுக்கு டவுனு ஆஸ்பத்திரியப் பாக்கணுமாம். வண்டியக் கட்டுங்க."

"அவளே சொல்லிட்டா பெறகென்ன?" என்று மாமியார்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார்.

அம்மைக் கிருமி மூளையைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். நாள் பிடித்தாலும் மனுஷன் பிழைத்து வந்தார். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றிய அன்று நர்சம்மாவிடம் கேட்டேன். "நெசமாவே ஆத்தா வாரேன்னு சொன்னாளாக்கா?"

"நான் கேட்டேன். அவ மாட்டேன்னு சொல்லலையே" என்று இன்னொரு செம்புக் கூழுக்குக் கையை நீட்டினார். அந்த முகத்தில் கேலி இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.