வகை தெரியாத பாட்டோடு தண்ணீர்மலைக்கு நாலு மைல்

நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். இதில் ஒரு வரியைக்கூட என் வீட்டிலேயே யாரும் இதுவரை நம்பியதில்லை என்பதை மிகுந்த பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். பினாங்கை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் இவன் மீசை வைத்த ஆள் என்றால் இப்போது வயதென்ன என்று கணக்குப் போடுகிறவர்கள், தயவுசெய்து வேறு வலைப்பக்கத்துக்குப் போய்விடவும். அங்கே ஓட்டல் விமர்சனம் நன்றாக இருக்கும்.

பயணத்துக்குக் காரணம் என் தங்கை புருஷன் வேலாயுதம். பகலில் குமாஸ்தா, மற்ற நேரமெல்லாம் பாட்டுக் கட்டுகிறவன். அந்த வருஷம் கட்டிய பாட்டில் தண்ணீர்மலைக் கோயில் நாயனம் இருந்தது, பள்ளிவாசலில் ஓதும் பைத்து இருந்தது, கன்னியர் மடத்துச் சுவருக்கு வெளியே நின்று அவன் கேட்ட மாலைப் பாட்டும் இருந்தது. மூன்று இடத்திலும் அவன் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீரில் நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங் இரண்டு தடவை வெள்ளத்தில் மூழ்கியது.

தைப்பூசத்தன்று அதைக் கோயிலில் பாடவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. கோயில் நிர்வாகி விடவில்லை. காலையில் கீர்த்தனை, மாலையில் காவடிச் சிந்து, உன்னுடையது எந்த வகை என்று சொல், நேரம் தருகிறேன் என்று முன்பே திருப்பி அனுப்பியிருந்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தொலையேன் என்று நானும் மன்றாடினேன். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்ற இரண்டுக்கும் துரோகமாம். பூசத்தன்று நேரில் போய்க் கடைசியாக ஒருமுறை கேட்பது, அப்போதும் இல்லையென்றால் ஆர்மோனியத்தை விற்றுவிட்டு மரவள்ளி நடுவது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். ஏற்கெனவே அரிசி கிடைக்காமல் மூன்று வேளையும் மரவள்ளி தின்றுகொண்டிருந்த எனக்கு, இந்தப் பாட்டு பிழைத்தே ஆகவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சூரியனைக் கேட்டால் ஆறரை என்று சொல்லியிருக்கும். கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஓடிய காலம், பினாங்குச் சேவல்கள் குழம்பிப்போய்க் கூவுவதையே நிறுத்தியிருந்தன. வாகனம், இரவல் சைக்கிள். ஊரைச் சுற்றி ரப்பர் மரம், ஆனால் டயர் கிடையாது. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றியிருந்தார்கள். பின்சீட்டில் யானைக்குட்டி எடையில் ஆர்மோனியம். நான் மிதிக்க, வேலாயுதம் அதைப் பிடித்தபடி பின்னால் நடந்தான். நடந்தவன்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

ஒரு மைல் தாண்டியதும் காதர் அண்ணன் கடை. கருக்கிய சோளத்தில் போட்ட காப்பி, விலை ஜப்பான்காரன் அடித்த வாழைமரம் போட்ட நோட்டு ஒன்று. அதைக் குடித்தவர்கள் மூன்று நாள் தூங்கியதில்லை, வயிறு தூங்கவிட்டதில்லை. மாப்பிள்ளை மெதுவாக மெட்டை முனகினான். காதர் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது எங்க பைத்துலா. சின்ன வயசிலேருந்து ஓதுறேன், எனக்குத் தெரியாதா?"

"அதுவும் இருக்குண்ணே. அது மட்டும் இல்ல."

"பைத்துன்னு ஒரு வார்த்தை சொல்லு. காப்பிக்குக் காசு வேணாம்."

வேலாயுதம் யோசித்துவிட்டு நோட்டை எடுத்து வைத்தான். என் நோட்டை.

தண்ணீர்மலைச் சாலை பிரியும் இடத்தில் காவல் சிப்பாய் நின்றான். அவன் துப்பாக்கி தென்னை மரத்தைவிட அரை முழம்தான் குட்டை. சிப்பாயைக் கண்டால் எல்லோரும் குனிந்து வணங்கியாகவேண்டும், இல்லாவிட்டால் அறை விழும். நான் குனிந்த குனிவில் என் குதிகாலின் பின்புறம் தெரிந்தது. அவன் பெட்டியைத் தட்டி, "ராஜியோ?" என்றான்.

ரேடியோவா என்று கேட்கிறான். திருட்டு வானொலி என்று முடிவு செய்துவிட்டால் பெட்டியும் போகும், பெட்டியோடு எங்கள் தலையும் போகும். வேலாயுதம் பெட்டியைத் திறந்து, சாலையோரம் உட்கார்ந்து, பாட்டை முழுக்க வாசித்துப் பாடினான். சிப்பாய் அசையவில்லை. முடிந்ததும் தெரிந்த மலாயில், "லாகு அப்பா?" என்றான். என்ன பாட்டு இது என்று கேட்கிறான்.

ஆக, கோயில் நிர்வாகியின் கேள்வியையே இப்போது துப்பாக்கி கேட்கிறது. தாலாட்டு என்று சொல், ஜப்பான் வெற்றிப் பாட்டு என்று சொல் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். வேலாயுதம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "லாகு காமி."

எங்கள் பாட்டு. மலாயில் 'காமி' என்றால் நாங்கள். அதுவும் கேட்கிறவனைச் சேர்க்காத நாங்கள். எங்கள் பாட்டு, உன்னுடையதல்ல என்று துப்பாக்கிக்காரனிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். நான் என் ஈமச் சடங்குக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணத் தொடங்கினேன்.

சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். "காமி," என்று தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னான். பிறகு ஆர்மோனியத்தின் முன் நிதானமாகக் குனிந்து வணங்கி, வழி விட்டான்.

ஜப்பான் பாஷை வகுப்புக்கு எங்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பியதன் ஒரே பலன் அன்று கிடைத்தது. அவர்கள் மொழியில் 'காமி' என்றால் தெய்வம். காகிதத்துக்கும் தலைமயிருக்கும்கூட அதே சத்தம்தான். மயிர்ப் பாட்டு என்று எடுத்துக்கொள்ளாதது எங்கள் அதிர்ஷ்டம்.

மலையடிவாரத்தில் நிர்வாகி வழக்கம்போல, "என்ன வகைன்னு முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"ஜப்பான் ராணுவம் வழியில நிறுத்திக் கேட்டுச்சுங்க. தெய்வப் பாட்டுன்னு சொல்லித்தான் விட்டுச்சு. நீங்க இல்லேங்கிறீங்களா?"

அவர் சாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பாயை விரிக்கச் சொன்னார். வேலாயுதம் பாடினான். கேட்டுக்கொண்டிருந்த மலை ஓரடி நகர்ந்து உட்கார்ந்தது. திரும்பும்போது அவன் முகம் மட்டும் சரியில்லை.

"தெய்வப் பாட்டுன்னு பேர் வச்சிட்டீங்களே மச்சான். நான் எங்க பாட்டுன்னுதானே சொன்னேன்."

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இசைக்கலைஞர்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், வழியில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள்.

மற்றபடி, மலை நகரவில்லை. சேவல்கள் கூவின. நிர்வாகியிடம் நான் பேசியதாகச் சொன்னது, பேசியிருக்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது. மாப்பிள்ளை அன்று கோயிலுக்குள் பாடவே இல்லை. அவன் பாடியது அந்தச் சாலையோரத்தில்தான், கேட்டது நானும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். அது மட்டும் நிஜம்.