கவிழ்த்து வைத்த கிளாஸ்

எங்கள் வீட்டுச் சமையலறை யன்னல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கிளாஸ் கவிழ்ந்தபடி இருக்கிறது. ஒருமுறை பியர் குடித்துவிட்டு எறிவதற்கென்று செய்த மலிவான கிளாஸ். வெளிப்புறத்தில் அச்சிட்டிருந்த மஞ்சள் நாய்க்குட்டிக்கு இப்போது ஒரு காதுதான் மிச்சம். அம்மா அதில் தண்ணீர் குடித்ததில்லை, பூ வைத்ததில்லை. கிழமைக்கு ஒருதரம் கழுவித் துடைத்து, திரும்பவும் வாய் கீழே இருக்கும்படி வைத்துவிடுவார். ஒக்லாந்தின் புறநகரான பாபடோயிட்டோய்க்குள்ளேயே இரண்டு தடவை வாடகை வீடு மாறினோம். இரண்டு தடவையும், சாமிப்படங்களைச் சுற்றிய அதே துவாய்க்குள் அந்தக் கிளாஸும் வந்தது.

என் அம்மா கள்ளு விற்றவர். ஐயா பனையேறியவர். இந்த இரண்டு வசனங்களையும் வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபத்தொரு வயது வரை ஆனது. சொன்ன பிறகு எங்கள் ஆட்களிடையே சில வீடுகளின் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. அதற்காக நான் வருந்தி எழுதவில்லை. எழுத்து எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக என் கைக்குத்தான் வந்தது. வந்ததை வைத்து முதலில் இதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவின் ஓரத்தில் ஒரு கொட்டில் இருந்தது. பின்னேரமானால் ஆட்கள் வந்து மணலில் குந்துவார்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் அம்மா கள் வார்ப்பார். எங்கள் வீட்டுச் செம்பைத் தொட விரும்பாதவர்களும் அந்த ஓலைப் பிளாவை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்கள். ஒருவருக்கு இனிப் போதும் என்று தோன்றினால் அம்மா வாயால் எதுவும் சொல்லமாட்டார். அவருடைய பிளாவை எடுத்து அவர் முன்னாலேயே நிலத்தில் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சால்வையை உதறிக்கொண்டு எழும்பவேண்டும். அந்த ஊரில் அம்மாவுக்கு இருந்த ஒரேயொரு அதிகாரம் அது. அந்தக் கொட்டில் வருமானத்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அண்ணாவுக்குக் கையெழுத்துப் போடமட்டுமே தெரியும். அவருக்குப் பிறகு பிறந்த நான் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினேன்.

கப்பலில் வேலை செய்து ஒக்லாந்தில் இறங்கித் தங்கிவிட்ட அண்ணா, எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் இருவரையும் இங்கே அழைத்தார். ஐயா அப்போது உயிரோடு இல்லை. தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம். வந்து இறங்கிய கிழமையே டொக்டர் மாமி எங்களைப் பார்க்க வந்தார். கணவர் டொக்டர் என்பதால் எல்லோருக்கும் அவர் டொக்டர் மாமி. குளிருக்குக் கம்பளிச் சட்டைகளும் ஒரு கட்டிலும் கொண்டுவந்தார். நல்ல மனுசி. கட்டிலின் கால்களைப் பூட்டி முடித்ததும், "ஐயா என்ன செய்தவர், பிள்ளை?" என்று கேட்டார். நான் "கமம், மாமி" என்றேன், வயல் விதைத்து அறுத்தவர்போல. அம்மா பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை விரிக்கத் தொடங்கினார். அந்தப் பொய் எங்கள் வீட்டில் மூன்று வருடம் எங்களோடு சாப்பிட்டது, படுத்தது.

மாமி எழுதிக் கொடுத்த நற்சான்றிதழோடுதான் எனக்குக் கோடை விடுமுறை வேலை கிடைத்தது. நகரத்தின் விளிம்பில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்கா. இப்போது அது மூடப்பட்டுவிட்டது. ராட்டினங்களும் தண்ணீருக்குள் பாயும் படகுகளும் உள்ள அந்தப் பூங்காவில், கோடையில் சனி ஞாயிறு வந்தால் திருவிழா. பாட்டுக்குழு ஒரு பக்கம், பொரித்த சொசேஜ் மணம் ஒரு பக்கம், நடுவில் கயிறு கட்டி அடைத்த பியர் கூடாரம். கயிற்றுக்குள் பிள்ளைகள் வரக்கூடாது. ஆகவே அப்பாமார் உள்ளே இருப்பார்கள், பிள்ளைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு "எப்போது படகுக்குப் போவது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வருகிறவர்களை வாடிக்கையாளர் என்று சொல்லக்கூடாது, விருந்தினர் என்றுதான் சொல்லவேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. விருந்தினர் தங்கள் அனுபவத்தை எழுதிப் போட வாசலில் ஒரு பெட்டி இருந்தது. அந்த அட்டைகளை வாசித்து, சுருக்கி, மேலாளரின் மேசையில் வைப்பது என் வேலை. கூடாரத்தில் மேசை துடைக்கவும் வெறும் கிளாஸ் பொறுக்கவும் ஆள் தேவைப்பட்டபோது அம்மாவையும் சேர்த்துவிட்டேன். சேலைக்கு மேல், பூங்காவின் சின்னமான நாய்க்குட்டிப் படம் போட்ட மஞ்சள் ரீசேட். அண்ணா பார்த்துவிட்டு, "நாய்க்குட்டிக்கும் சீலை கட்டிவிட்டாச்சு" என்று சிரித்தார்.

குடித்து நிலைதவறியவருக்கு ஊற்றக்கூடாது என்ற சட்டம் கூடாரக் கம்பத்தில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எல்லோரும் வாசிக்கத் தெரிந்தவர்கள், யாரும் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாத அம்மா மட்டும்தான் அதன்படி நடந்தார். ஒருவருடைய கண்ணோ, கதிரையைப் பிடிக்கும் கையோ, சிரிப்பின் நீளமோ அம்மாவுக்கு எதையாவது சொல்லிவிடும். மேசையைத் துடைக்கிற சாக்கில் அவருடைய வெறும் கிளாஸை எடுத்து, அவர் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பியர் ஊற்றிய சமோவாப் பெண்ணுக்கு அம்மாவின் மொழி தெரியாது, அம்மாவுக்கு அவள் மொழி தெரியாது. ஆனால் இரண்டாம் நாளே அவளுக்கு விளங்கிவிட்டது. கவிழ்ந்த கிளாஸ் இருக்கும் மேசைக்கு அவள் அடுத்த ஜக்கை நிரப்பமாட்டாள். அம்மா அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவளும் அந்தச் சொல்லையே திருப்பிக் கூப்பிடுவாள்.

பெட்டியில் அட்டைகள் விழத் தொடங்கின. சேலை கட்டிய பெண் என் கிளாஸைக் கவிழ்த்துவிட்டாள் என்று மூன்று பேர் கோபமாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண், தன் கணவர் அன்று முதல்தடவையாக எழும்பி வந்து மகனோடு படகில் ஏறினார், அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார். நான் நான்கையும் மேசை இலாச்சிக்குள் ஒளித்தேன். முறைப்பாட்டை ஒளித்தது அம்மாவைக் காப்பாற்ற. நன்றியை ஒளித்தது என்னைக் காப்பாற்ற. இந்தப் பழக்கம் எங்கே படித்தது என்று யாராவது கேட்டுவிட்டால்?

கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், வெயில் இன்னும் நெற்றியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, டொக்டர் மாமி என் மேசைக்கு ஓடிவந்தார்.

"பிள்ளை, ஒருக்கா வாரும். உம்மட அம்மா என்ர மனுசன்ர கிளாஸைக் கவிட்டுப் போட்டா. இத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால!"

நான் போனபோது மேலாளர் ஏற்கெனவே அங்கே நின்றார். டொக்டர் எழும்பி நின்று ஆங்கிலத்தில் முறையிட்டுக்கொண்டிருந்தார். வசனங்கள் ஒழுங்காக வந்தன. கால்கள்தான் ஒழுங்காக நிற்கவில்லை. அவருடைய ஒரு கையில் காரை முடுக்கும் திறப்பு. கயிற்றுக்கு வெளியே அவருடைய இரண்டு பிள்ளைகளும் பஞ்சுமிட்டாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் அந்தக் கிளாஸ் கவிழ்ந்து கிடந்தது. டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"உனக்கு ஆர் இதைப் பழக்கினது? இது கள்ளுக்கொட்டில் வேலையெல்லோ!"

"என்னப்பா கதைக்கிறியள்? அவையள் கமம் செய்த ஆக்கள்," என்றார் மாமி.

ஊரில் இப்படிப்பட்ட ஒருவரை அம்மா "நயினார்" என்றுதான் அழைத்திருப்பார், அதுவும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அன்று நேரே பார்த்தார்.

"தம்பி, பிள்ளையள் ரெண்டும் வெளியில நிக்குது. திறப்பு உங்கட கையில கிடக்கு. இதுக்கு மேல உங்களுக்கு இல்லை."

"தம்பியோ? ஆருக்கு ஆர் தம்பி?"

மேலாளருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. விருந்தினர் முகம் கோணக்கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே நியாயம். உன் அம்மாவை மன்னிப்புக் கேட்கச் சொல், இத்தோடு முடிந்துவிடும், வேலையும் இருக்கும் என்றார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"கேக்கமாட்டன். விருந்தாளி எண்டு சொல்லினம். விருந்தாளி எண்டால் வீட்டை போய்ச் சேரவேணும். வேலையை வேணுமெண்டால் விடுறன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ உனக்கு ஏத்தமாதிரிச் சொல்லு, பிள்ளை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அந்தக் கடைசி வசனம் என்னை அறைந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அவருடைய வாயில் வைத்துவிடலாம். அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்று ஒரு வரி சொன்னால் வேலை மிஞ்சும், மாமியின் முன்னால் என் "கமம்" மிஞ்சும். மூன்று வருடமாக நான் செய்துவந்தது அதுதான். அம்மா அதைத் தெரிந்துகொண்டே எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்போதும் மூடிக்கொள்ளத் தயாராக நின்றார். இதற்காகவா என்னைப் படிக்கவைத்தார்?

நான் மேலாளரிடம் அம்மாவின் பதிலை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு மேலும் சொன்னேன்: என் அம்மா எங்கள் ஊரில் பனங்கள் விற்றவர், ஒரு மனிதருக்கு எது அளவு என்று அங்கேதான் படித்தார், உங்கள் கம்பத்தில் ஒட்டியிருப்பதைத்தான் அவர் செய்கிறார். பிறகு மாமியிடம் திரும்பினேன். 

"மாமி, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். ஐயா கமம் செய்யேல்லை. மரம் ஏறினவர். அம்மா கள்ளு வித்தவ. டொக்டர் மாமா சொன்னது சரி. ஆனால் மாமா, கிளாஸைக் கவிட்டால் என்ன கருத்தெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டொக்டர் மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார். மாமி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"திறப்பைத் தாங்கோ."

"நீர் மோட்டர்வேயில ஓடினதில்லையே."

"இண்டைக்கு ஓடுறன்."

என்னோடு ஒரு சொல்லும் பேசாமல் மாமி அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னிடம் பிறகும் பேசவில்லை. அந்த வருடப் பொங்கலுக்கும் அடுத்த வருடப் பொங்கலுக்கும் எங்களுக்கு அழைப்பு இல்லை. கட்டிலைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை அவருடைய பெருந்தன்மை என்றே இன்றும் வைத்திருக்கிறேன்.

நான் இலாச்சியைத் திறந்து நான்கு அட்டைகளையும் மேலாளர் முன்னால் வைத்தேன். ஒளித்தது என் பிழை. அதற்கு அவர் ஏசினார், வாங்கிக்கொண்டேன். உருண்டை எழுத்து அட்டையை அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகும், நாளை முதல் அம்மா கூடாரத்துக்குள் வேண்டாம், படகுப் பக்கம் குப்பை கூட்டட்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"கூட்டத் தெரியாதெண்டு சொல்லு," என்றார் அம்மா.

சேலைக்கு மேலிருந்த ரீசேட்டைத் தலைவழியாகக் கழற்றி, நான்காக மடித்து மேசையில் வைத்தார். கவிழ்ந்து கிடந்த கிளாஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சமோவாப் பெண் தன் இடத்தை விட்டு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து, "தங்கச்சி" என்றாள். நான் கோடை முடியும்வரை அங்கே வேலை செய்தேன். அம்மா போன பிறகும் அந்தக் கூடாரத்தில் கிளாஸ்கள் கவிழ்ந்தன. ஜக் நிரப்பிய அதே கைதான் கவிழ்த்தது. "பியர் ஊற்றும் பெண் என் கிளாஸைக் கவிழ்த்துவிட்டாள்" என்று வந்த அட்டைகளை ஒன்றுவிடாமல் மேலாளரிடம் கொடுத்தேன்.

அம்மா இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். நான் பட்டம் பெற்று ஆசிரியையாகிவிட்டேன். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வெலிங்டனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காலையில் சமையலறைக்குள் போனபோது யன்னல் விளிம்பு வெறுமையாக இருந்தது.

"கிளாஸ் எங்க, அம்மா?"

"உள்ளுக்கு வைச்சிட்டன். அவையள் போகட்டும், பிறகு எடுத்து வைக்கலாம்."

கூடாரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, அதே குரல். தனக்காக யாருக்கும் பணியாதவர் எனக்காக எப்போதும் பணிந்துவிடுகிறார். அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன். முன்னறைக்குக் கொண்டுபோய், தேநீர்த் தட்டு வைக்கும் மேசையின் நடுவில் கவிழ்த்து வைத்தேன்.

"விசர்ப் பெட்டை," என்று ஏசினார் அம்மா. ஆனால் எடுக்கவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர்க் கோப்பைகளை அதைச் சுற்றியே அடுக்கினார். மாப்பிள்ளையின் தாயார் இரண்டு மிடறு குடித்துவிட்டு, அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒற்றைக் காது நாய்க்குட்டி! இது ஏன் நடுவில கவிண்டு கிடக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா அவருடைய கையிலிருந்து கிளாஸை மெதுவாக வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார்.

"நாங்கள் கள்ளு வித்த ஆக்கள், தங்கச்சி," என்றார். "தேத்தண்ணியை ஆறமுதல் குடியுங்கோ, சொல்லுறன்."