ஏழு ஆறுக்குத் திறந்த டப்பா

மாத்திரை அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவியவர் இன்னும் பிறக்கவில்லை. சிறுநீரகப் பிரிவின் கடைசி அறையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. நோயாளிகள் திருப்பிக் கொண்டுவரும் டப்பாவைத் தட்டில் கொட்டி, மிச்ச மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவது. கிளம்பும் அவசரத்தில் பத்து மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து நிற்பவர்களை அவள் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

பிறகு சிப் வைத்த மூடி வந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதியும் நேரமும் அதில் பதிந்துவிடும். இது தன் வேலைக்கே உலை வைக்கும் என்று அக்கா முணுமுணுத்தாள்.

அந்த மூடிதான் லிப்ட் மெக்கானிக்கை மாட்டிவிட்டது. அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஏழு மாதம், வீடு திரும்பி ஆறு மாதம். தினம் காலையில் ஒரு மாத்திரை, தவறினால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்காமல் போய்விடும். ஒழுங்காகச் சாப்பிட்டான் என்று அக்கா எழுதிக் கொடுத்தால்தான் டாக்டர் அவனைத் திரும்ப வேலைக்கு அனுப்புவார். கொடுத்தது இருநூறு, ஓடிய நாள் நூற்று எண்பது, மிச்சம் இருபது. கணக்கு கச்சிதமாகச் சரி. மூடியோ, டப்பாவைத் தினம் இரண்டு தடவை திறந்ததாகச் சொன்னது. ஏழு மணிக்கு ஒன்று, ஏழு ஆறுக்கு ஒன்று.

"வீட்டுக்காரம்மா முன்னாடி எடுக்கிறது, அவங்க அந்தப் பக்கம் போனதும் திரும்ப உள்ள போட்டுடுறது, இங்க வர்ற அன்னிக்கு மொத்தமா வெளிய கொட்டுறது. இந்த வித்தையெல்லாம் நான் நிறையப் பாத்தாச்சு, தம்பி."

"சத்தியமா இல்லக்கா! ஒரு தடவைதான் திறப்பேன். முழுங்கிட்டு நேரா குளிக்கப் போயிடுவேன்." அவன் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் அவன் மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அக்கா பதிவை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். மூன்றே மூன்று நாள், அடுத்தடுத்து, ஒற்றைத் திறப்பு. தேதியைச் சொல்லி, "அப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"இவ ஊர்லயே இல்லக்கா. இவ தங்கச்சிக்குப் பிரசவம்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி, மனைவி பக்கம் திரும்பினான்.

"நீங்க குளிக்கப் போனதும் நான்தான் திறப்பேன்," என்றாள் அவள். "கொட்டி எண்ணிப் பாத்துட்டுத் திரும்பப் போட்டுடுவேன்."

"தினமுமா? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்களை நம்புறேங்க." அவள் கை தானாகத் தன் இடுப்புத் தழும்புக்குப் போனது. "ஆனா உள்ள இருக்கிறது என்னோட கிட்னி. அதைப் பட்டினி போடாம வெச்சிருக்கீங்களான்னு நான் பாக்க வேண்டாமா?"

அக்கா சம்பளத்துக்கு எண்ணுகிறவள். இந்தப் பெண்ணோ தன் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டு, கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்காமல், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் நூற்று எழுபத்தேழு காலைகள் எண்ணியிருக்கிறாள். மூடி ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. மெக்கானிக்கின் கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்குக் காலையில எத்தனை இருந்துச்சு?" என்று அக்கா அவளைக் கேட்டாள்.

"இருபது."

அக்காவின் தாளிலும் இருபதுதான். 'எண்ணிச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் பத்தொன்பது வருடமாக அவள் கையெழுத்து மட்டும்தான் விழுந்திருக்கிறது. அந்தத் தாளை மெக்கானிக்கின் மனைவி பக்கம் தள்ளி, "இதுல நீங்க போடுங்கம்மா," என்று பேனாவை நீட்டினாள்.

பேனாவை வாங்கியவள், கையெழுத்துப் போடுவதற்கு முன், தட்டில் கிடந்ததை இன்னொரு முறை எண்ணினாள்.