யார் பின்னால் வரும் நாய்

வாசலூர்பட்டி படகுத்துறைக்கு எதிரே அன்னாசிப்பழம் நறுக்கி மிளகாய்த்தூள் தூவி விற்கும் பெண்கள் ஐந்து பேர். அவர்களில் மூன்றாவது கடை கோகிலவாணியுடையது. துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையில் பிறந்து, யுவராஜைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். யுவராஜ் மினி லாரி வைத்திருந்தான். வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு தினமும் கீழே இறங்குவான்.

நாய்கள் மேல் கோகிலவாணிக்குத் தனிப் பிரியம் இருந்ததில்லை. பயமும் இருந்ததில்லை. கடைக்குப் பின்னால் ஒரு நாய் படுத்திருந்தால், படுத்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, சுற்றுலா வந்த யாரோ ஒரு குட்டியை அவள் கடையோரம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளைக் குட்டி. கேட்டு வாங்கவில்லை என்றாலும் வந்துவிட்டதே என்று சோறு போட்டாள். ஒரு மாதம் நன்றாக ஓடியாடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தமாகக் கழிந்தது. செம்மேட்டு மாட்டாஸ்பத்திரி திறக்காத நாள். யுவராஜும் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தான். குட்டியைத் துணிப்பையில் போட்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறினாள்.

பையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். அன்னாசிப்பழம் என்றாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினோரு வளைவு இறங்குவதற்குள் அன்னாசிப்பழம் குரைத்தது. கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நாமக்கல்லில் ஆர்த்தி என்ற பெண் டாக்டர் சிறிதாக ஒரு கால்நடை கிளினிக் நடத்திவந்தார். குட்டியைப் பார்த்ததும் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். நாய் கடித்த மனிதர்களுக்கு ஊசி போடுவது கோகிலவாணிக்குத் தெரியும். கடிக்காத நாய்க்கு ஊசி உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். மதியத்துக்கு முன்பே குட்டி செத்துப்போனது. பிறந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு ஊசி போட்டிருந்தால் இது வந்தே இருக்காது என்று ஆர்த்தி மெதுவாகச் சொன்னார். உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்றும் கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க" என்றாள் கோகிலவாணி. "இப்ப எனக்குத் தெரியும்."

கிளினிக்குக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. குட்டியை அங்கே புதைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அதே கண்டக்டர்தான். மடித்து வைத்திருந்த பையைப் பார்த்தார். பிறகு அவளுடைய டிக்கெட்டை மட்டும் கிழித்தார்.

ஐந்து கடைப் பெண்களும் சேர்ந்த நாய்க்குழு இப்படித்தான் தொடங்கியது. பலகையில் 'வாசலூர்பட்டி வளர்ப்பு நாய்கள் நலக் குழு' என்று எழுதியிருந்தது. ஆனால் அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஐந்து கடைகளிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்தார்கள். படகு ஏற வந்தவர்கள் சில்லறையைப் போட்டார்கள். சிலர் அதைக் குப்பைத்தொட்டி என்று நினைத்துப் பழத்தோலையும் போட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் செலவிலேயே மேலே வந்து ஊசி போடுவதாக ஆர்த்தி ஒப்புக்கொண்டார். மருந்து குழுவின் பொறுப்பு. காசு கொடுத்து வைத்தியம் பார்க்க முடியாதவர்களின் நாய்க்கு ஊசி, பூச்சி மாத்திரை, சொறிக்கு மருந்து எல்லாம் சும்மா.

முதல் முகாம் சமுதாயக் கூடத்தின் முன்னால் நடந்தது. நாற்பது பேர் வந்தார்கள். அவர்களோடு நாற்பத்தோரு நாய்கள் வந்தன. அந்த ஊரில் ஒருவருக்குக்கூட நாய் இல்லை என்பது அங்கேதான் தெரியவந்தது.

நோட்டில் 'உரிமையாளர்' என்று கோகிலவாணி ஒரு கட்டம் போட்டிருந்தாள். அதுதான் பிரச்சினை. நாய் வைத்திருக்கிறவன் வசதியானவன், அவன் பெயரைத் தொகுப்பு வீட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று ஊருக்குள் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நாய்க்கு வரி வரப்போகிறது என்று இன்னொரு பேச்சும் இருந்தது. கருப்பு நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்த பால்காரி பாப்பாத்தியும் அது தன் நாய் இல்லை என்றாள். அப்படியானால் கயிறு யாருடையது என்று ஆர்த்தி கேட்டார்.

"கயிறு நம்முளுதுங்க" என்றாள் பாப்பாத்தி. "நாய் நம்முளுது இல்லீங்க."

பெயர் எழுதாமல் ஊசி போடவும் முடியாது. எந்த நாய்க்கு எப்போது போட்டோம் என்று தெரிந்தால்தானே அடுத்த வருடம் மறுபடி போட முடியும்? கோகிலவாணி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். 'உரிமையாளர்' என்பதை அடித்துவிட்டு, 'யார் பின்னால் வரும்' என்று எழுதினாள். அதன்பிறகு ஒரு தடங்கலும் இல்லை. யார் பின்னால் வரும் என்று கேட்டதும், என் பின்னால்தான் வரும் என்று எல்லோரும் உடனே சொன்னார்கள். பிடிபடாமல் ஓடிய நான்கைத் தவிர, சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு நாய்க்கு ஊசி போட்டாயிற்று. அதில் பத்தொன்பது நாய்க்குப் பெயர் மணி.

முகாமுக்கு வராதவர்களில் மாதேஸ்வரன் ஒருவர். யுவராஜுக்குப் பங்காளி, சித்தப்பா முறை. ஐம்பது வயதைத் தாண்டியவர், தனி ஆள். ஒரு ஏக்கர் சொச்சம் புன்செய்க் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார். அவர் காட்டுக்கும் யுவராஜின் காட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம் நின்றது. அது யாருக்குச் சேரும் என்று அப்போதே ஐந்து வருடமாகக் கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை இரண்டு வீட்டாரும் பழத்தைத் தொடுவதில்லை. குரங்குகள் தின்றன. இரண்டு வீட்டுக்கும் பேச்சும் இல்லை.

மாதேஸ்வரனிடம் செவலை நிறத்தில் ஒரு நாய் இருந்தது. காட்டுப்பன்றி வராமல் கிழங்கைக் காப்பது அதுதான். அதற்கும் வந்து ஊசி போட்டுக்கொள்ளும்படி பாப்பாத்தியிடம் கோகிலவாணி சொல்லியனுப்பினாள். தன்னிடம் நாயே இல்லை என்று மாதேஸ்வரன் பதில் சொன்னாராம். அவர் அப்படிச் சொல்லும்போது நாய் குரைத்ததாம். இரண்டையும் பாப்பாத்தி ஒன்று விடாமல் வந்து சொன்னாள்.

போன வருடம் ஐப்பசியில், கிழங்கு பிடுங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது, ஒருநாள் விடியற்காலையில் பன்றி இறங்கியது. செவலை போய் மறித்திருக்கிறது. பன்றி அதன் வயிற்றைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. பால் ஊற்றப் போன பாப்பாத்தி பார்த்துவிட்டுக் கோகிலவாணியிடம் வந்தாள். நாய் குடல் சரிந்து கிடக்கிறது, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், யாரையும் கூப்பிடவில்லை என்றாள்.

கோகிலவாணி அங்கிருந்தே ஆர்த்திக்குப் போன் செய்தாள். குடலை உள்ளே தள்ளக் கூடாது, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துச் சுற்ற வேண்டும், தண்ணீரோ சோறோ கொடுக்கக் கூடாது, உடனே கொண்டுவாருங்கள் என்றார் ஆர்த்தி. யுவராஜ் அப்போதுதான் வாழைத்தார் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். யாருடைய நாய் என்று கேட்டான். சொன்னாள். அவன் கயிற்றை விட்டுவிட்டான்.

"அந்தாளுக்கா வண்டி?"

"நாய்க்குங்க. நாய் நம்ம மேல கேஸா போட்டுச்சு?"

யுவராஜ் பின்பலகையைத் திறந்தான். பின்பக்கத்துத் தார்களில் பத்தை இறக்கி வைத்து இடம் செய்தான்.

மாதேஸ்வரன் வீட்டில் நாய் அவருடைய கம்பளியின் மேல் கிடந்தது. வீட்டில் கம்பளி அது ஒன்றுதான். எட்டு வருடத்துக்குப் பிறகு கோகிலவாணி அந்த வாசலில் நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. இது என் நாய் இல்லை, எங்கிருந்தோ வந்து கிடக்கிறது, சாகட்டும், விடு என்றார். சொன்னவருடைய வேட்டி பாதி கிழிந்திருந்தது. கிழித்த பாதியால் நாயின் வயிற்றைச் சுற்றியிருந்தார்.

"சரிங்க மாமா" என்று, உப்புத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த துணியை அதன் மேல் சுற்றினாள் அவள். "உங்க நாய் இல்லாட்டிப் போகுது. அந்தக் கம்பளியோட ஒரு பக்கத்தப் புடிங்க."

பிடித்தார். வண்டியில் ஏற்றினார்கள். அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். வழியில் உள்ள சேந்தமங்கலத்தில் தனக்கு ஒரு வேலை இருப்பதாகப் பொதுவாகச் சொன்னார். எழுபது வளைவிலும் வாழைத்தாருக்கு நடுவில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் பிடித்துக்கொண்டே வந்தார். யுவராஜ் வழக்கமாக வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகிறவன். அன்று நாய் மிரளும் என்று ஹாரனை அளவோடு அடித்து, வண்டியை மெதுவாக இறக்கினான். சேந்தமங்கலம் வந்தது. நிறுத்தட்டுமா என்று முன்னாலிருந்து கேட்டான். வேலை நாமக்கல்லில்தான் என்று பின்னாலிருந்து பதில் வந்தது. எட்டு வருடத்தில் இருவரும் நேராகப் பேசிக்கொண்டது அதுதான்.

ஆர்த்தி நாயை மேஜையில் போட்டுப் பார்த்தார். குடல் கிழியவில்லை, தைத்துவிடலாம், ஆனால் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். அச்சடித்த தாள். அதில் 'உரிமையாளர்' என்றுதான் இருந்தது. கோகிலவாணி பேனாவை எடுத்தாள். மாதேஸ்வரன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை முழுவதும் எழுதினார்.

நாயின் பெயர் என்ன என்று ஆர்த்தி கேட்டார்.

"பேரெல்லாம் இல்லீங்க. நாய்தானுங்க."

மயக்க ஊசி போடக் காலைப் பிடித்தபோது நாய் துள்ளியது. கட்டு நனைந்து சிவந்தது. மாதேஸ்வரன் குனிந்து அதன் காதருகே வாயை வைத்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. அவ்வளவுதான் கண்ணு. நான் இங்கதான இருக்கறன்."

நாய் அடங்கியது. ஆர்த்தி அட்டையில் 'பெயர்: கண்ணு' என்று எழுதினார். மாதேஸ்வரன் அதைப் பார்த்தார். மறுக்கவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோகிலவாணி ஒரு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அவர் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் பார்த்தது அவருக்குத் தெரியக் கூடாது என்றும் தோன்றியது. எதிர்க்கடையில் தொங்கிய பக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு இருந்தன.

நாய் பிழைத்தது. மூன்று வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயே கட்டிவைக்க வேண்டும் என்று ஆர்த்தி சொல்லியனுப்பினார்.

இதில் இருந்த சிக்கல் நான்காம் நாள்தான் கோகிலவாணிக்கு உறைத்தது. நாய் வீட்டுக்குள் இருந்தால் காட்டை யார் பார்ப்பது? பன்றிகளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. மூன்று வரிசைக் கிழங்கு போயிருந்தது. மாதேஸ்வரன் தகரத்தைத் தட்டித் தட்டித் தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்தார். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் தையலோடு நாயை அவிழ்த்து விட்டுவிடுவார் என்று அவளுக்குப் பட்டது. விடாவிட்டால் அவருடைய ஒரு வருடச் சாப்பாடு போய்விடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவர் செய்வது சரியாகத்தான் இருக்கும்.

குழுவைக் கூட்டினாள். காயம்பட்ட நாய்க்குப் பதில் நாய் அனுப்புவது என்று தீர்மானம் எழுதினார்கள். இரண்டாவது கடைக்காரி பழனியம்மாள் தன் நாய் மணியை அனுப்பினாள். நல்ல திடமான நாய். அது வரப்பில் உட்கார்ந்து மாதேஸ்வரன் போட்ட சோற்றைத் தின்றது. மூன்றாம் நாள் பன்றி வந்தபோது, பன்றிக்கு முன்னால் ஓடிவந்து வீட்டுக்குள் புகுந்துகொண்டது. அதற்குத் துணையாக இன்னொரு மணியை அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து குரைத்ததில் பன்றிகள் யுவராஜின் காட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. யுவராஜ் இரண்டு நாள் கோகிலவாணியோடு பேசவில்லை. பிறகு அவன் காட்டுக்கு மூன்றாவதாக ஒரு மணியை அனுப்பினார்கள்.

தையல் பிரித்த மறுநாள் மாதேஸ்வரன் படகுத்துறைக்கு வந்தார். கடைக்கு முன்னால் நின்று, எதையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை, என்ன தரவேண்டும் என்று கேட்டார். குழுவின் உதவிக்கு விலை கிடையாது என்று கோகிலவாணி சொன்னாள். அவர் நகரவில்லை. அவருக்குப் பின்னால் பழம் வாங்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை, கடிக்குப் பயந்து எல்லோரும் ஓடிவிடுகிறார்கள் என்று கடைசியில் சொன்னாள். சரி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு முகாமையும் அவர் தவறவிடவில்லை. இரண்டு தடவை கடிபட்டார். இரண்டு தடவையும் யாரிடமும் சொல்லாமல் செம்மேட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். பலாமரத்து கேஸுக்கு மாசியில் மறுபடி வாய்தா போட்டார்கள். யுவராஜும் அவரும் கோர்ட்டுக்கு வேறு வேறு பஸ்ஸில் போய்வந்தார்கள்.

போன மாதம், மலையிலேயே தள்ளியிருக்கும் பைல் நாட்டுப் பக்கம் முதன்முறையாக முகாம் போட்டார்கள். காலையிலிருந்தே தூறல். சின்னராசு என்பவர் ஒரு கடுவன் நாயைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருக்கும் நாய். வீட்டு ஆளைத் தவிர வேறு யார் வந்தாலும் பாய்ந்தது; அவராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆர்த்தி ஊசியோடு இரண்டு தடவை கிட்டே போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தார். இதை விட்டுவிடலாம் என்று கோகிலவாணிகூடச் சொன்னாள்.

மாதேஸ்வரன் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், சங்கிலி எட்டாத தூரத்தில் நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். நாய் குரைத்தது. அவர் திரும்பவில்லை. பீடியும் பற்றவைக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி கொஞ்சம். அரை மணி நேரம் மழையில் இது நடந்தது. வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு, அவர் முதுகில் மூக்கை வைத்து மோந்தது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் மெதுவாக அதன் கழுத்தை அணைத்தார். ஆர்த்தி வந்து போட்டுவிட்டுப் போனார். போட்டது நாய்க்குத் தெரிந்ததாகவே இல்லை.

கோகிலவாணி நோட்டில் எழுதினாள். மழைத்துளி பட்டுச் சின்னராசுவின் பெயர் கொஞ்சம் கரைந்தது. அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.

மாதேஸ்வரன் முழங்காலில் கையை ஊன்றி எழுந்து சாக்கை உதறினார்.

"இதுக்கு முடிஞ்சுதுங்க அம்மிணி" என்றார் கோகிலவாணியிடம். "அடுத்ததக் கூப்புடுங்க."