விட்டு விட்டு வரைந்த வீடு

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் அப்பா எல்யாகிம் அண்ணாந்து பார்த்தபடி நடக்கத் தொடங்கிவிடுகிறார். எங்கள் குன்றைச் சுற்றி நூற்றுப் பதினான்கு தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பி தூணின் தலைமேல் போகிறதா, பக்கவாட்டில் நழுவியிருக்கிறதா என்று பார்க்கிறார். சரியாக இருந்தால் "ம்" என்பார். நழுவியிருந்தால் ஓர் உச்சுக்கொட்டல். வயது எழுபத்திரண்டு. கீழே கல் கிடப்பதைப் பார்க்காமல் நடந்ததில் இதுவரை இரண்டு கால்விரல்கள் ஒடிந்திருக்கின்றன. ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்று போட்டிருப்பார். புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் அவரைக் குன்றடி அரபுக் கிராமத்துக் கீழூர்க்காரர் என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கிய நாளிலிருந்து அதைக் கழற்றுவதில்லை.

யூதர்களான எங்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக் கூடாது. சாவிக்கொத்து, கைக்குழந்தை, பிரார்த்தனைப் புத்தகம் எதுவும் விலக்கல்ல. சக்கரம் வைத்ததைத் தள்ளவும் கூடாது. ஆனால் ஊரைச் சுற்றித் தூண் நட்டு மேலே கம்பி இழுத்துவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் சட்டப்படி ஒரே வீடாகிவிடும். அந்தக் கம்பிக்கு ஏருவ் என்று பெயர். ஓர் இடத்தில் அறுந்தால் போதும், மொத்தமும் செல்லாது.

அதை யாராவது வேலி என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. "வேலின்னு சொல்லாத. இது வாசல்" என்பார். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. இரண்டு தூண்கள் இரண்டு நிலைக்கால்கள், மேலே போகும் கம்பி மேல்நிலை. "ஊரைச் சுத்தி நூத்திப் பதினாலு வாசல் வெச்சிருக்கேன். உலகத்துல எந்த ஊர்லயாவது இத்தனை வாசல் உண்டா?" என்று விருந்தாளிகளிடம் கேட்பார்.

தொலைபேசி இலாகாவில் கம்பி இழுக்கும் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்றில் பன்னிரண்டு குடும்பங்களோடு, தகரப் பெட்டி வீடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு இந்தக் குன்றுக்கு வந்தார். கடவுள் கொடுத்த மண், திரும்பி வந்திருக்கிறோம் என்று அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறார். குரலை உயர்த்திச் சொல்வதில்லை. பால் வாங்கி வந்துவிட்டேன் என்பதுபோலச் சொல்வார். தொழுகைக்கூடத்தில் அவரை எல்லோரும் சீண்டுவார்கள். "எல்யாகிம், வானம் எப்படி இருக்கு?" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். "மேக்கால கொஞ்சம் தொங்குது. திங்கக்கிழமை இழுத்துக் கட்டிடலாம்" என்பார் அப்பா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேர்ஷெபாவில் என் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது, காரிலிருந்து இறங்கியதும் தெருமுனையில் அந்த ஊர்க் கம்பியைத்தான் பார்த்தார். "உங்க ஊர்க்காரன் சோம்பேறி" என்பதுதான் முதல் வார்த்தை. அவருக்கும் சேர்த்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு குளிர்காலத்தில், வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்ற இருபது நிமிடம் இருக்கையில் காற்று கிழக்குப் பக்கக் கம்பியை அறுத்துவிட்டது. ஏணி வைத்து ஏற நேரமில்லை. அப்பா மழையில் வீடு வீடாக ஓடினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வராதீர்கள், கம்பி இல்லை என்று கதவு கதவாகச் சொன்னார். அறுபத்தெட்டு வீடுகள். திரும்பி வந்து ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியாம ஒருத்தர் பாவம் பண்ணா, அது என் தலையில" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அப்பாவைப் போல நேர்மையான மனிதர் இல்லை என்று நினைத்தேன். இப்போதும், கம்பி விஷயத்தில், அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்பிக்குள் வேற்று மதத்தவர் யாராவது குடியிருந்தால் இன்னொரு விதி உண்டு. அவருடைய சம்மதத்தைக் குத்தகையாகப் பெற வேண்டும். ஒரு பிடி திராட்சை கொடுத்தாலும் போதும், ஆனால் கேட்க வேண்டும். சாப்பிட்டு உறங்கும் இடம் எதுவோ அதுதான் குடியிருப்பு. தொண்ணூற்றொன்றில் கம்பியை முதன்முதலில் இழுத்தபோது, அதற்குள் கீழூர்க்காரர் ஒருவரின் ஆட்டுப்பட்டியும், பட்டியை ஒட்டி அவர் படுக்கும் அறையும் வந்தன. அப்பா ஒரு பொட்டலம் ஏலக்காய்க் காப்பித்தூளை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெரியவர் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, இதற்கு என்னிடம் எதைக் கேட்கிறாய் என்றாராம். சனிக்கிழமைக்கு மட்டும் உங்கள் சம்மதம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அப்ப ஞாயித்துக்கிழமை திருப்பித் தந்துருவியா?" என்று கேட்டிருக்கிறார் பெரியவர்.

இதை அப்பா பல ஆண்டுகள் விருந்து மேசையில் நகைச்சுவையாகச் சொல்லிவந்தார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். பட்டி இருந்த இடத்தில் இப்போது எங்கள் மழலையர் பள்ளி இருக்கிறது.

அந்தப் பெரியவரின் மகன் அபூ நாயிஃப். அப்பாவைவிடச் சில வயது இளையவர். மேற்குச் சரிவில், கம்பிக்கு வெளியே, அவருடைய ஒலிவ மரங்கள். இருவருக்கும் வெள்ளிக்கிழமைச் சண்டை ஒன்று உண்டு. உன் ஆடு என் தூணை முட்டுகிறது என்பார் அப்பா. "ஆடு இங்கதான் பொறந்துச்சு எல்யாகிம். உன் தூணுதான் வந்து அதை முட்டுது" என்பார் அபூ நாயிஃப். பிறகு ஆளுக்கொரு சிகரெட் பற்றவைப்பார்கள். பற்றவைத்தது எப்போதும் அபூ நாயிஃபின் தீக்குச்சி.

நான் சர்வேயர். இருபத்தொரு ஆண்டுகளாக நிலம் அளக்கிறேன். அம்மாவுக்குத் தசைநோய் வந்து சக்கரநாற்காலிக்குப் போன இரண்டாவது கோடையில் அப்பா என்னை அழைத்தார். அம்மா ஓய்வுநாள் மாலையில் மேற்கு முனைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்றார். அம்மா கேட்டது மூன்று சொற்கள்: "அங்க காத்து வரும்." கம்பி அதற்கு முந்நூற்று நாற்பது மீட்டர் முன்பே நின்றது. கடைசித் தூணோடு நாற்காலியும் நின்றுவிடும். கம்பியை நீட்ட வேண்டும், குன்றின் நிர்வாகக் குழுவுக்கு வரைபடம் வேண்டும். நான் கருவியோடு போனேன்.

புதிய கோட்டுக்குள் அபூ நாயிஃபின் இரண்டு படிநிலங்களும் ஒரு கல் அறையும் வந்தன. ஒலிவ அறுவடையின் ஆறு வாரமும் அவர் குடும்பம் அந்த அறையில்தான் தங்கும். நான் போனபோது அறுவடை இல்லை, கதவு பூட்டியிருந்தது. சன்னல் வழியே பார்த்தேன். சுவரோரம் அடுக்கிய மெத்தைகள், கரியடுப்பு, நீல நிறக் கெட்டில்.

சட்டப்படி அப்பா மீண்டும் ஒரு பொட்டலம் காப்பித்தூளோடு போயிருக்க வேண்டும். குழுத் தலைவர் தடுத்தார். கேட்டால் அந்த நிலம் அவனுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். எங்கள் மதகுரு ராபி அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அங்கே யாராவது குடியிருக்கிறார்களா? ஒரு விரல்கடை நழுவிய கம்பிக்காகத் தூக்கம் வராமல் தவிக்கும் என் அப்பா, "யாரும் குடியில்லை" என்றார்.

வரைபடத்தில் கட்டடத்துக்கு முழுக்கோட்டில் ஒரு கட்டம் போடுவோம். இடிந்து கைவிட்டதற்கு விட்டு விட்டு வரைந்த கோட்டில் கட்டம். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றார். பக்கத்து அறையில் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். நான் விட்டு விட்டு வரைந்தேன். நான்கு பக்கத்துக்குமாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழ் மூலையில் என் பெயரும் உரிம எண்ணும்.

அந்த இலையுதிர்காலத்தில் அம்மா காற்று வாங்கினாள். அப்பா அவளைத் தள்ளிக்கொண்டு போவார், நான் ஊருக்கு வந்திருந்தால் கூடப் போவேன். அறையின் கூரைத் தகரக் குழாயிலிருந்து புகை வரும். அபூ நாயிஃபின் மனைவி வெளியே காயப்போட்ட மெத்தைகளை ஒதுக்கி நாற்காலிக்கு வழி விடுவாள். அப்பா அந்த நேரத்தில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வசந்தத்தில் பாதுகாப்பு வேலி வந்தது. எங்கள் கடைசித் தூண்கள் நின்ற கோட்டிலேயே, என் வரைபடத்தை வைத்தே, முள்கம்பியும் ரோந்துப் பாதையும் போட்டார்கள். வேலிக்குள் மாட்டிய தன் மரங்களுக்கு வர அபூ நாயிஃபுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் அனுமதி. ஆறு வார அறுவடையை இரண்டு நாளில் முடிக்க முடியாது. மீதிக் காய் உதிர்ந்து மண்ணைக் கறுப்பாக்கியது. அம்மாவின் நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டியதை நான் துடைத்திருக்கிறேன்.

அம்மா இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டாள். துக்கம் காக்கும் ஏழு நாட்களில் மூன்றாம் நாள் அபூ நாயிஃப் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குன்றுக்குள் வர அவருக்கு அனுமதி கிடைக்காது. "அம்மா போய்ட்டாங்களாமே மகளே. நல்ல மனுசி. உங்கப்பாவைச் சாப்பிட வைங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. முப்பதாம் நாள் கழிந்தபின்தான் கேட்டார். படிநிலத்துக்காக வழக்குப் போட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு என் வரைபடத்தைக் காட்டுகிறதாம். "இடிஞ்சதுன்னு போட்டிருக்கியேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவதுபோல் இருந்தது.

என் பங்கைத் திருத்தினேன். முழுக்கோடு வரைந்து, தேதியிட்டு, தவறு என்னுடையது என்று எழுதி அவருடைய வக்கீலுக்கு அனுப்பினேன். வக்கீல் நன்றி சொன்னார், ஆனால் அது போதாது என்றார். கட்டடம் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம், ஆள் இருந்ததை, வரைபடத்தை மாற்றிய நீங்களே சொன்னால் நம்ப மாட்டார்கள், வேறு யார் சொல்வது? வாரந்தோறும் அந்தப் பக்கம் நடந்த ஒருவர் குன்றிலிருந்து சொன்னால் நீதிமன்றம் கேட்கும். விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை அப்பாவோடு நடந்தேன். இப்போதெல்லாம் அவர் ஏணியையும் கம்பிச் சுருளையும் அம்மாவின் சக்கரநாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். எதிரே வருகிறவர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள். மேற்கு முனைக்கு யாரும் வருவதில்லை, அங்கே கம்பி இருந்து ஆகப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தத் தூண்களைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்.

கல் அறையின் அருகே காகிதத்தை நீட்டினேன். ஒரே வரிதான். அறுவடைக் காலத்தில் இந்த அறையில் ஆட்கள் தங்கியிருந்ததை நான் கண்டேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நீதானே இடிஞ்சதுன்னு வரைஞ்ச?"

"ஆமா. மாத்திட்டேன்."

"இதுல கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்னு தெரியுமா திர்ஸி?"

அவர் தன் மரங்களுக்குப் போவார், அவ்வளவுதானே என்றேன். குழு என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும் என்று அவர் பேசப்போகிறார் என்று நினைத்து அதற்குப் பதிலும் வைத்திருந்தேன்.

"அது இல்ல" என்றார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "உள்ள ஆள் இருந்து, கேக்காம விட்டா, கம்பி செல்லாது. செல்லாத கம்பிக்குள்ள உங்கம்மாவைத் தள்ளிட்டுப் போயிருக்கேன். ஆறு ஓய்வுநாள். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை நம்பி உக்காந்திருந்தா."

ஆறு. அவர் முன்பே எண்ணிவைத்திருந்தார்.

இறந்தவளை இதில் இழுக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா" என்றேன். "மெத்தையை ஒதுக்குனாங்களே அந்தம்மா, அவங்ககிட்ட அம்மா சொன்னா, 'உங்க வீட்டுல நல்ல காத்து'ன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கம்பியையும் பார்க்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலது கையை மடக்கி நெஞ்சின் இடப்பக்கம் மெல்லத் தட்டினார். பாவமன்னிப்பு நாளில் தொழுகைக்கூடத்தில் ஒவ்வொரு பாவத்தின் பெயரையும் வாசிக்கும்போது நாங்கள் தட்டிக்கொள்வோமே, அந்தத் தட்டல். ஒன்று. சற்றுப் பொறுத்து இரண்டு. அவர் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. மேலங்கியின் அந்தப் பக்கப் பையில்தான் பேனா இருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் அதன் மூடி குலுங்கியது. ஆறாவது தட்டலோடு கை அங்கேயே, பேனாவின் மேல், மூடியபடி நின்றது.