கைப்பிடி மேல் விழுந்த பழி

எனக்கு வலது காலில் முட்டிக்குக் கீழே உணர்வு கிடையாது. ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு மூன்று வருஷம், ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு ஆட்டோவில்தான் போய்வந்தேன். அங்கே இயற்பியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பிறகு, கியர் மாற்ற வேண்டாத பழைய கார் ஒன்றை வாங்கி, கையாலேயே ஓட்டும்படி மாற்றிக்கொண்டேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். முதல் நாள் காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறை வரை தனியாகப் போய், காரைவிட்டு இறங்காமலே திரும்பி வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. யாரையும் கூப்பிடாமல் கிளம்ப முடிந்ததே, அது போதும்.

எட்டு மாதம் கழித்து எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. காருக்குள் பெட்ரோல் வாடை. சிக்னலில் நின்றால் வண்டி குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. ஒரு காலை, காவிரிப் பாலத்தின் நடுவில் அணைந்தே போனது. பின்னால் டவுன் பஸ்கள் ஹாரன் அடித்தன. பைக்கில் வந்த இரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனபோதுகூட அத்தனை கூசவில்லை.

முதலில் போன ஒர்க்ஷாப்பில் கதவைத் திறந்து கைப்பிடியைப் பார்த்தார்கள், உடனே மூடிவிட்டார்கள். “மேடம், இது ஏற்கெனவே கை வெச்ச வண்டி. நாங்க தொட மாட்டோம். இதை மாட்டினதாலதான் எஞ்சின் குழம்பியிருக்கும்.” இரண்டாவது இடத்திலும் அதே பேச்சு. என் கணவரும் அதை நம்பினார். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் அவர். வண்டி என்றாலே அவருக்கு அந்த நாள்தான்.

“வித்துடலாம். ஆட்டோ இல்லாமலா போச்சு?” என்றார்.

“ஒரு மாசம் டைம் குடுங்க. என்ன கோளாறுன்னு நானே பாக்கறேன்” என்றேன்.

டாஷ்போர்டுக்குக் கீழே செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வரவழைத்தேன். எஞ்சின் என்ன சொல்கிறது என்பதை அது போனில் காட்டும். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று எஞ்சினுக்குச் சொல்வது அதன் வேலை. நல்ல சென்சாராக இருந்தால் திரையில் கோடு ஏறி ஏறி இறங்க வேண்டும். என் காரில் அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் ஓயாமல் சொல்ல, எஞ்சினும் நம்பி ஊற்றிக்கொண்டே இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு திருவானைக்காவலில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்குக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான். கோட்டைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், சிரித்தார்.

“கால் மிதிச்சா என்ன, கை இழுத்தா என்ன, எஞ்சினுக்குத் தெரியவா போவுது? சென்சாரைப் பாப்போம் வாங்க.”

சூடானால்தான் சென்சார் வேலை செய்யும்; அதைச் சூடாக்க உள்ளே கம்பி ஒன்று உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்ததில் அது அறுந்திருந்தது. துருப்பிடித்த சென்சார் லேசில் கழன்று வரவில்லை. எண்ணெய் விட்டு, குழாயைக் கொஞ்சம் சூடேற்றி, ஸ்பேனரில் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார். முன்னங்கையில் சுட்டுக்கொண்டுதான் அதைக் கழற்றினார். புதியது மாட்டியதும் கோடு துள்ளி எழுந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. கல்லூரி பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் கணவர், “நாளைக்கு ஆட்டோ சொல்லிடட்டுமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கோட்டைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். வண்டி நிற்கும்போது படுத்துவிடுகிறது. எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினால் எழுந்து ஆடுகிறது. செத்த சென்சார் அப்படி எழாது. அப்படியென்றால் இது பொய் சொல்லவில்லை, எங்கிருந்தோ வெளிக்காற்று நிஜமாகவே குழாய்க்குள் வருகிறது என்று தோன்றியது.

அன்றே மறுபடி ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பினேன்; கணவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். நான் சொன்னதைக் கேட்டு மெக்கானிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“தப்பு என்னுதுங்க. சென்சார் செத்திருந்துச்சா, அதோட முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும்னு பாக்கல.”

ஈரச் சாக்கை மடித்து சைலன்சர் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். என் கணவர்தான் குந்தி உட்கார்ந்து பிடித்தார். வெளியேற வழியில்லாத புகை, சென்சாருக்கு முன்னால் இருந்த இணைப்பு வழியாக உஸ்ஸென்று சீறியது. இரண்டு குழாய்களுக்கு நடுவே இருக்கும் கேஸ்கெட் ஒரு ஓரமாக எரிந்துபோயிருந்தது; அந்த இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. உள்ளங்கையளவு தகடு. அதை மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சட்டையெல்லாம் கரியாக எழுந்த கணவர் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்காகவா வித்துடலாம்னேன்?” என்றார். பிறகு மெதுவாக, “நீ சொன்னது சரிதான்” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் அத்தனை முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று சக்கர ஸ்கூட்டரைச் சரிபார்க்க வந்த ஒருவர், ஊன்றுகோலை ஊன்றியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். “கார்ல இப்படி மாத்த முடியுமாங்க? லைசென்ஸ் தருவாங்களா?” என்று கேட்டார். நான் கதவைத் திறந்து, “முதல்ல உக்காந்து பாருங்க” என்றேன். அரைமணி நேரம் அவர் இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. போன வாரம் கல்லூரி வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடியில் எல் போர்டு, பக்கத்தில் பயிற்சி தருபவர், பின்சீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். கைப்பிடியால் ஓட்டி வந்தவர், அன்று ஊன்றுகோலோடு நின்ற அதே ஆள்தான்.

“முக்கொம்பு பார்க் வரைக்கும் போறோம் மேடம்” என்றார். “நாலு பேரும் ஒண்ணாப் போறது இதான் முதல் தடவை.”