ஊர் எல்லைக்குள் ஒரு வீடு

சுவிஸில் இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில், ஏரியோரக் கிராமம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டுக்காரர் செத்த கையோடு அவருடைய பிள்ளைகள் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். திருத்தி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறார்களாம். நாங்கள் மாதம் முழுக்கக் கொடுப்பதை ஒரு கிழமையில் எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு அது சரிதான்.

நாங்கள் வந்தபோது அந்தத் தெருவில் தபால்காரர், ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள், எங்களைப் போல ஹோட்டல் குசினியில் சமைக்கிறவர்கள் என்று சம்பளத்தை நம்பிய சனம்தான் இருந்தது. பிறகு வாசலுக்கு வாசல், சுற்றுலாக்காரர் எடுத்துக்கொள்ளச் சாவி வைக்கிற சின்னப் பெட்டி முளைத்தது. காசுள்ளவர்கள் சூரிச்சிலிருந்து வந்து வீடு வாங்கினார்கள். பனிச்சறுக்குக் காலத்தில் மட்டும் ஜன்னலைத் திறந்தார்கள். பாண் வாங்குகிற பேக்கரி கைக்கடிகாரக் கடையானது. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தில் வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். எல்லாவற்றையும் நான் வேடிக்கை பார்த்தேன். எங்கள் வாசலுக்கும் வரும் என்று ஏனோ நினைக்கவில்லை.

அடுத்த ஊருக்குப் போவதுதானே என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருந்தது. மகளுக்குப் பொலிஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது, சுவிஸ் குடியுரிமை வந்தால் மட்டும். நான், கணவர், மகள் என்று மூன்று பேருக்கும் விண்ணப்பம் போட்டிருந்தோம். இங்கே குடியுரிமைக்கு முதலில் குடியிருக்கிற ஊர்தான் சம்மதிக்க வேண்டும். ஊர் நிர்வாகம் நேர்காணலுக்குக் கூப்பிட்டு முடிவு சொல்லும் முன் ஊர் மாறினால் அவ்வளவுதான். புது ஊரில் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ஊருக்குள் வீடு தேடி நாயாய் அலைந்தேன். பார்க்கப் போன ஒரு வீட்டில் படி நிறைய ஆட்கள், மடிக்கணினியோடு வீட்டிலிருந்தே உழைக்கிற சோடிகள். வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வீடு காட்டிய பெண் இரக்கத்தோடு விளக்கினாள். அந்த இரக்கத்தைத் தூக்கி ஏரியில் போட வேண்டும் போல இருந்தது.

கடைசியில் ஹோட்டல் முதலாளியிடம் கெஞ்சினேன். ஊருக்குள்ளேயே, ஹோட்டலில் வேலையாட்களுக்கான அறை ஒன்று தந்தார். ஒற்றைக் கட்டில்.

"நான் இருக்கிறன் அம்மா. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ," என்றாள் மகள்.

"உன்னைத் தனிய விட்டிட்டோ?"

"அவளுக்கெண்டாலும் கிடைக்கட்டும்," என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

நாங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் போனோம். எங்கள் இருவரின் விண்ணப்பமும் அதோடு செத்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் தப்பினால் போதும் என்று இருந்தேன். அவளோ அறைக்கு ஈடாகச் சனி ஞாயிறுகளில் ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறினாள். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வசந்தத்தில் நேர்காணல் வந்தது. மலைகளின் பேர், வரலாறு, வாக்களிப்பு எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனாள். முடிந்ததும் எனக்குப் போன் அடித்தாள். குரல் சரியில்லை.

"என்ன கேட்டவை, பிள்ளை?"

"எல்லாத்துக்கும் வடிவாச் சொன்னனான் அம்மா. கடைசியா, உன்ரை குடும்பம் வேறை ஊரிலை, சொந்தம் எண்டு ஒருத்தரும் இஞ்சை இல்லை, பிறகு உனக்கு இந்த ஊரிலை என்ன இருக்கெண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

"அழுதிட்டன் அம்மா."